பொட்டாஷ் நுழையும் வழி

தாராபுரம் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு உரக்கணக்கு அத்துப்படி. காய்க்கிற மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு யூரியா 1.3 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ என்பது கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அந்தப் பொட்டாஷில் உள்ள பொட்டாசியம் செடியின் செல்லுக்குள் எந்த வழியாகப் போகிறது என்று காட்டிக்கொடுத்தது ரொட்டி ஈஸ்ட். தெருவுக்குத் தெரு பேக்கரி இருக்கும் கொங்குநாட்டில் ஈஸ்ட்டுக்கு அறிமுகம் தேவையில்லை.

செல்லைச் சுற்றியிருப்பது கொழுப்புப் படலம். மின்னேற்றம் கொண்ட பொட்டாசியம் அயனி அதைத் தாண்டாது. புரதத்தாலான கால்வாய் வேண்டும். ஈஸ்ட்டில் பொட்டாசியத்தை உள்ளிழுக்கும் இரண்டு மரபணுக்களை நீக்கிவிட்டால், பொட்டாசியம் குறைந்த ஊடகத்தில் அது வளராது. அந்தப் பட்டினி ஈஸ்ட்டுக்குள் அரபிடாப்சிஸ் என்ற கடுகு இனச் செடியின் மரபணுக்களைப் புகுத்தினார்கள். எது பிழைத்ததோ அதற்குள் இருந்தது தேடிய மரபணு. 1992-இல் இப்படி அகப்பட்ட கால்வாய்கள் கேட்1, ஏகேடி1. முன்னது இலைத்துளையில், பின்னது வேரில். மக்காச்சோளத்திலும் இவற்றின் உறவுக் கால்வாய்கள் உண்டு. என்னைக் கேட்டால், இத்தனை கெட்டிக்காரத்தனமான சோதனை அபூர்வம்.

கால்வாயின் குறுகலான இடத்தில் ஆக்ஸிஜன் அணுக்கள் வரிசையாக நிற்கின்றன. பொட்டாசியம் தன்னைச் சூழ்ந்த தண்ணீரை உதறிவிட்டு அவற்றோடு கச்சிதமாகப் பொருந்தி நழுவும். சோடியம் அதைவிடச் சிறியது, ஆனாலும் போகாது. எல்லா ஆக்ஸிஜனையும் ஒருசேர எட்ட முடியாததால் தண்ணீரை விடாமல் வெளியிலேயே நின்றுவிடும். 1998-இல் ஒரு பாக்டீரியாவின் கால்வாயில் இந்த அமைப்பைக் காட்டிய ராடரிக் மெக்கினனுக்கு 2003-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

அமராவதி வாய்க்கால் மதகைத் திறக்க ஆள் வேண்டும். கேட்1 திறக்க மின்னழுத்தம் போதும். விடிந்ததும் நீல ஒளி பட்டு, இலைத்துளையைச் சூழ்ந்த காப்பு செல்கள் புரோட்டான்களை வெளியே தள்ளும். உள்ளே எதிர்மின் கூடி மைனஸ் 100 மில்லிவோல்ட்டையும் தாண்டும்போது, நேர்மின் ஏறிய புரதத் துண்டு ஒன்று உள்நோக்கி இழுபட, கேட்1 திறக்கும். நம் நரம்புகளிலும் இத்தகைய துண்டு உண்டு. அங்கே அது வெளிநோக்கி நகர்ந்தால்தான் கால்வாய் திறக்கும். கேட்1 வழியே பொட்டாசியம் புகும், பின்னாலேயே தண்ணீர் புகும், செல்கள் புடைத்துத் துளை விரியும்.

ஆடிக்காற்றில் ஈரம் குறைந்தால் செடி அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோனைச் சுரக்கும். அதனால் காப்பு செல்லிலிருந்து முதலில் எதிர்மின் அயனிகள் வெளியேறும். உள்ளிருந்த எதிர்மின் குறைய, கேட்1 மூடிக்கொள்ளும். கோர்க் என்ற இன்னொரு கால்வாய் திறந்து பொட்டாசியத்தை வெளியே விடும். செல் தளர்ந்து துளை அடைபடும். தண்ணீர் மிச்சம்தான், கரியமில வாயு வரத்தும் குறைந்துபோகும். பொட்டாஷ் போதாத காட்டில் இந்தத் திறப்பும் மூடலும் மந்தப்படுவதால், அதே வெயிலில் அந்தப் பயிர்தான் முந்தி வாடும்.