நாலு பேரில் ஒரே டிஸ்க்

மங்கலம் சுற்றுவட்டாரப் பனியன் கம்பெனிகளில் சர்வர் பார்ப்பது என் பிழைப்பு. "டிஸ்க் எர்ரர் வருதுங்க, புது டிஸ்க் எடுத்துட்டு வாங்க" என்று போன் வந்தால் டிஸ்க்கை எடுக்க மாட்டேன். ஃபைபர் முனை துடைக்கும் பேனாவைத்தான் பையில் போட்டுக்கொள்வேன்.

காரணம் இதுதான். ஓரளவு பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனியில் நூல் கணக்கு, பீஸ் ரேட் சம்பளம், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் சர்வருக்குள் இருப்பதில்லை. தனி ஸ்டோரேஜ் பெட்டியில் இருக்கும். சர்வரில் இரண்டு போர்ட், போர்ட்டுக்கு ஒரு ஸ்விட்ச், பெட்டியில் இரண்டு கன்ட்ரோலர். ஒவ்வொரு ஸ்விட்சும் இரண்டு கன்ட்ரோலரையும் தொடுவதால், ஒரே டிஸ்க்குக்குப் போக நாலு வழி. நம்ம மங்கலம் நால்ரோட்டுக்குத் திருப்பூர், அவிநாசி, பல்லடம், சோமனூர் எந்தப் பக்கமிருந்தும் வந்து சேரலாமே, அந்த மாதிரி.

லினக்ஸுக்கு இது முதலில் புரியாது. ஒவ்வொரு வழியிலும் தெரிவதைத் தனி டிஸ்க் என்று எடுத்துக்கொண்டு எஸ்டிபி, எஸ்டிசி, எஸ்டிடி, எஸ்டிஇ என நாலு பேர் வைத்துவிடும். மல்டிபாத் மென்பொருள்தான் நாலுக்கும் அடையாள எண் ஒன்றே என்று கண்டு, எம்பாத்ஏ என்ற ஒரே பேரில் சேர்க்கிறது. ஆகவே லாகில் 'எஸ்டிசி: ஐஓ எர்ரர்' என்று வந்தால், அது பெரும்பாலும் ஒரு வழியைப் பற்றிய புகார்.

சில புகார்கள் வெத்து வேட்டு. பழைய வகைப் பெட்டிகளில் ஒரு கன்ட்ரோலர் வேலை செய்யும், மற்றது காத்திருக்கும். சர்வர் எழும்போது, டிஸ்க் இடத்தைப் பிரித்துக் கொடுக்கும் எல்விஎம் எல்லாப் பேரையும் படித்துப் பார்க்கும். காத்திருக்கும் வழி படிக்க விடாது. திரை முழுக்க எர்ரர். எம்பாத்ஏ போன்ற மேப்பர் பேர்களை மட்டும் பார்க்கும்படி எல்விஎம்முக்கு ஒரு ஃபில்டர் போட்டால் சத்தம் அடங்கிவிடும். இதற்குப் போய் டிஸ்க் மாற்றிய இடங்களைப் பார்த்திருக்கிறேன். காசுக்குப் பிடித்த கேடு.

நிஜக் கோளாறு என்றால் மல்டிபாத் பட்டியலில் அந்த வழிக்கு எதிரே 'ஃபெய்ல்டு' என்று நிற்கும். இரண்டு வழி விழுந்தால் அவற்றுக்குப் பொதுவாக இருப்பது எது என்று பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே ஸ்விட்ச் வழியாகப் போகிறவையா? ஸ்விட்ச்சைப் பார். ஒரே கன்ட்ரோலரில் முடிகிறவையா? கன்ட்ரோலரைப் பார். எந்த வழியாகப் போனாலும் அதே செக்டாரில் 'மீடியம் எர்ரர்' வந்தால், அப்போதுதான் பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க் மேல் சந்தேகம்.

ஒரே ஒரு வழி மட்டும் விழுந்து விழுந்து எழுந்தால், எங்கள் ஊரில் நான் முதலில் தேடுவது பஞ்சு. நிட்டிங் ஹாலுக்கு அடுத்த ரூமில் சர்வர் இருக்கும். ஏசி ஃபில்டரைத் தட்டினால் ஒரு தலையணைக்கு ஆகும். மல்டிமோட் ஃபைபரில் வெளிச்சம் ஓடும் நடுப்பகுதி 50 மைக்ரான். ஒரு பருத்தி இழை சுமார் 10 முதல் 20 மைக்ரான். கழற்றிய கேபிளை மூடி போடாமல் வைத்து மறுபடி செருகினால் போதும், வெளிச்சம் மங்கிவிடும்.

எர்ரரே வராமல் எல்லாம் உறைந்து நிற்பது இன்னும் மோசம். நாலு வழியும் போனால் படிப்பது, எழுதுவது எல்லாவற்றையும் வரிசையில் காக்க வை என்று அமைத்திருப்பார்கள். பில் போடுகிறவர் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். ஸ்டோரேஜை நெட்வொர்க் வழியே தொடும் ஐஸ்கஸி இணைப்பில் தொடர்பு அறுந்தால் லினக்ஸ் வழக்கமாக 120 விநாடி பொறுத்துத்தான் பிழை சொல்லும். மல்டிபாத் இருக்கும் இடத்தில் அதை 5 விநாடிக்குக் குறைப்பேன். அடுத்த வழி இருக்கும்போது எதற்குக் காத்திருப்பது?

வழிகள் பல இருந்தும் மாட்டிக்கொள்வது பனியன் கம்பெனி மட்டுமல்ல. 2021 பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தையில் காலை 11.40க்கு வர்த்தகம் நின்றது. இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களின் இணைப்புகள் தடுமாறின. ரோட்டில் தோண்டியதே காரணம் என்று சந்தை பிறகு விளக்கியது. இணைப்பு போனாலும் ஸ்டோரேஜ் ஓடியிருக்க வேண்டும். அதுவும் சர்வர்களுக்கு எட்டாமல் போனது. பிற்பகல் 3.45க்குத் திறந்து 5 மணி வரை நடத்தினார்கள்.

எங்கள் கம்பெனிகளிலோ இரண்டு ஸ்விட்ச்சுக்கும் கரண்டு ஒரே யுபிஎஸ்ஸிலிருந்து வரும். வழி பல இருக்கிறது என்று நம்பினால் மட்டும் போதாது. அதனால் புது வேலை முடித்ததும், சர்வர் ஓடும்போதே ஒரு கேபிளைப் பிடுங்கிக் காட்டுகிறேன் என்பேன். முதலாளிகளுக்கு அதுதான் பிடிக்காது.

"நல்லா ஓடுறதை ஏந்தம்பி புடுங்கோணும்?"

"இப்பப் புடுங்கினா நானு பக்கத்துல இருக்கறனுங்கண்ணா."

"அதுஞ் சரி. இந்த ஷிப்மென்ட் போகட்டும், அப்புறம் புடுங்கலாம்."