பேர் சொல்லணுமா மேடம்?

காலேஜ்ல ரத்த தான முகாம். என்.எஸ்.எஸ். பசங்க ஜூஸ் பாக்கெட்டும் பிஸ்கட்டுமா பரபரப்பாத் திரியுறாங்க. ஊசியைப் பார்த்தாலே ஓடுற உங்க ரூம்மேட், அன்னைக்குப் பார்த்து முதல் ஆளா வரிசையில நிக்கிறார்னு வெச்சுக்குங்க. "என்ன மச்சான், திடீர்னு கர்ணன் ஆயிட்ட?"னு கலாய்க்கிறீங்க. காதோரமா வந்து சொல்றார்: "சும்மா இர்றா. ரத்தம் எடுத்தா எச்.ஐ.வி. டெஸ்ட் பண்ணுவாங்கல்ல? ஏதாச்சும் இருந்தா அவங்களே சொல்லிடுவாங்க. நானா எங்கேயும் போய் நிக்க வேணாம் பாரு!"

ஐடியா என்னவோ ஜோராத்தான் இருக்கு. ஆனால், இதைவிட ஆபத்தான ஐடியா வேறு இல்லை ஃப்ரெண்ட்ஸ்!

தானமாக வரும் ரத்தத்தை எச்.ஐ.வி. உட்பட ஐந்து தொற்றுகளுக்குச் சோதிப்பது உண்மைதான். ஆனால், வைரஸ் உடம்புக்குள் புகுந்த மறுநாளே டெஸ்ட்டில் தெரிந்துவிடாது. வைரஸுக்கு எதிராக நம் உடல் தயாரிக்கும் ஆன்டிபாடிகளைத்தான் வழக்கமான டெஸ்ட்கள் தேடுகின்றன. அவை கண்ணில் பட சில வாரங்கள் ஆகும். மூன்று மாதம் வரைகூட ஆகலாம். இதுதான் 'விண்டோ பீரியட்'. அந்த நேரத்தில் ரத்தம் கொடுத்தால் ரிசல்ட் 'நெகட்டிவ்' என்று வரலாம். அந்த பாட்டில் யாரோ ஒருவர் உடம்பில் ஏறலாம்.

சரி, டெஸ்ட்டில் தெரிந்துவிட்டால் மட்டும் உங்களுக்குச் சொல்லிவிடுவார்களா? 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில் நடந்ததைக் கேளுங்க. ஓர் இளைஞர் தானம் செய்த ரத்தம், கர்ப்பிணி ஒருவருக்கு ஏற்றப்பட்டது. பிறகு, வெளிநாட்டு வேலைக்காக டெஸ்ட் எடுத்தபோதுதான் தனக்கு எச்.ஐ.வி. இருப்பது அந்த இளைஞருக்கே தெரிந்தது. பதறிப்போய் ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொன்னதும் அவர்தான். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டு வருடம் முன்பே அவர் ஒரு முகாமில் கொடுத்த ரத்தத்தில் தொற்று தெரிந்திருந்தும், அவருக்குத் தகவல் போகவில்லை என்பது அப்புறம்தான் வெளியே வந்தது.

ஸோ, ரத்த தான முகாம் என்பது டெஸ்ட் சென்டர் இல்லை!

நம்பர் மட்டும் போதும்!

ரூம்மேட்டின் ஐடியா உலகத்துக்குப் புதுசும் இல்லை. 1985-ல் அமெரிக்காவில் முதல் எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனை புழக்கத்துக்கு வந்தபோது, டெஸ்ட்டுக்காகவே ஜனங்க ரத்த வங்கிக்குப் படையெடுத்துடுவாங்களோ என்று பயந்தார்கள். அதனால் தனி மையங்களைத் திறந்தார்கள். அங்கே பேர், ஊர் சொல்ல வேண்டாம். ஒரு நம்பர் கொடுப்பாங்க. அந்த நம்பரைச் சொன்னா ரிசல்ட். அவ்ளோதான்.

அதே மாதிரி நம்ம ஊர்ல உண்டா? அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் தொடங்கி தாலுகா ஆஸ்பத்திரி வரை 'நம்பிக்கை மையம்'னு ஒரு போர்டு பார்த்திருப்பீங்க. டெஸ்ட் அங்கேதான். பைசா செலவில்லை. ஆனால் ஒரு விஷயத்தை உடைச்சுச் சொல்லிடறோம். அங்கே பேர் கேட்பாங்க. பதிவேட்டில் எழுதுவாங்க. உங்களுக்கு என ஓர் எண்ணும் உண்டு. அதாவது, இது பேரே இல்லாத டெஸ்ட் அல்ல. பேரை வெளியே விடாத டெஸ்ட்.

"வெளியே விட மாட்டாங்கனு என்ன கேரண்டி?" நியாயமான கேள்வி. கேரண்டி, சட்டம்! 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. - எய்ட்ஸ் சட்டப்படி, உங்க சம்மதம் இல்லாம டெஸ்ட் எடுக்கக் கூடாது. ரிசல்ட்டை வீட்டுக்கோ, காலேஜுக்கோ சொல்லக் கூடாது. வேலைக்கோ அட்மிஷனுக்கோ 'எச்.ஐ.வி. ரிப்போர்ட் கொண்டு வா' என்று கேட்பதும் தப்பு. விதிவிலக்குகள் உண்டு. கோர்ட் உத்தரவு ஒன்று. இன்னொன்று, உங்கள் துணைக்குத் தொற்றும் ஆபத்து இருந்தால், முதலில் உங்களையே சொல்லச் சொல்வார்கள். முடியாதபட்சத்தில் டாக்டரோ கவுன்சலரோ சொல்லலாம்.

18 வயசு ஆகலையா? பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதம் தேவைப்படும்.

உள்ளே என்ன நடக்கும்?

முதல்ல கவுன்சலர் பேசுவார். உங்க சந்தேகத்தைக் கேட்பார், விளக்குவார். அட்வைஸ் மழை பொழிஞ்சா, "டெஸ்ட் பத்தி மட்டும் சொல்லுங்க மேடம்"னு தாராளமாச் சொல்லலாம். பிறகு கொஞ்சம் ரத்தம். பெரும்பாலும் அன்னைக்கே ரிசல்ட். முதல் டெஸ்ட்டில் ஏதாவது தெரிந்தால், வேறு வேறு வகை கிட்களில் மொத்தம் மூன்று முறை உறுதிசெய்த பிறகே 'பாசிட்டிவ்' என்பார்கள். ஆன்லைனில் ஒரு ஸ்ட்ரிப்பை வாங்கி, பாத்ரூமில் உட்கார்ந்து தலையெழுத்தைத் தீர்மானிக்காதீங்க.

"யாராச்சும் பார்த்துட்டா?" சொந்த ஊர்ல சித்தப்பாவும் பக்கத்து வீட்டு அக்காவும் கண்ணுல படுவாங்கன்னா, வேற ஊர் நம்பிக்கை மையத்துக்குப் போங்க. எந்த ஊர்க்காரரும் எந்த மையத்துக்கும் போகலாம். இன்னொண்ணு, அந்த பெஞ்சில் கர்ப்பிணிகளும் காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கும் இந்த டெஸ்ட் உண்டு. அங்கே உட்கார்ந்திருப்பதை வைத்து யாரும் எதையும் முடிவு கட்ட முடியாது.

நாள் கணக்கு முக்கியம்!

சம்பவம் நடந்து 72 மணி நேரம் தாண்டலையா? இதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள கிளம்புங்க. தொற்று ஒட்டாமல் தடுக்க 28 நாள் மாத்திரை இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ, அவ்வளவு நல்லது. நேரம் தாண்டிடுச்சா? இப்போ ஒரு டெஸ்ட், மூன்று மாதம் முடிந்ததும் இன்னொரு டெஸ்ட். எங்கே போறது, என்ன கேட்கிறதுனே புரியலையா? 1097-க்கு போன் போடுங்க. கட்டணம் கிடையாது.

ஒருவேளை பாசிட்டிவ்னா? 2004 ஏப்ரலில் இருந்து இந்தியாவில் அரசே கூட்டு மருந்தை இலவசமாகத் தருகிறது. 2017-ல் இருந்து, 'எதிர்ப்புச் சக்தி குறையட்டும்' என்று காத்திருக்காமல் உடனே தொடங்குகிறார்கள். தினமும் ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் அடுத்தவருக்குத் தொற்றாது. படிக்கலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணம், குழந்தைனு வாழலாம்.

இப்போ ரூம்மேட்கிட்ட வருவோம். அவரை வரிசையில் இருந்து மெல்ல வெளியே இழுங்க. 'எங்கடா போன, யாரு அவ?'னு விசாரணைக் கமிஷன் வைக்காதீங்க. "மச்சான், நாளைக்குக் காலையில நம்பிக்கை மையம் போறோம். நானும் டெஸ்ட் எடுக்கிறேன், வா"னு சொல்லுங்க.

உங்க அட்டெண்டன்ஸ்ல அரை நாள் போகும். போகட்டுமே!