இளைப்புக்கு மனச்சோர்வு மாத்திரையா?

நவம்பர் மூன்றாம் புதன்கிழமை உலக சிஓபிடி (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்) தினம். அன்றைய மருத்துவ முகாமுக்குப் போகுமுன் பதில் வேண்டும் என்று டெல்டா வாசகர்கள் எழுதிய கடிதங்களில் ஒரே குழப்பம்: "அப்பாவுக்குக் கெட்டது நுரையீரல். மனநோய் மாத்திரை எதற்கு?"

அதற்கு ஒரு காரணம் இருந்தது, அழகான காரணமும்கூட. நோய் நுரையீரலில் இருந்தாலும் திணறலை உணர்வது மூளை. 'இன்னும் இழு' என்று அது கட்டளையிடுகிறது; சுருங்கிப்போன மூச்சுக்குழாய் வழியே அவ்வளவு காற்று வருவதில்லை. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளிதான் திணறல். உடனே பயம் பிடிக்கிறது, மூச்சு வேகமெடுக்கிறது. இந்த நோயில் காற்று வெளியேறவே நேரம் பிடிக்கும். அவசரப்பட்டால் பழைய காற்று உள்ளேயே தங்கி, அடுத்த மூச்சுக்கு இடமில்லாமல் போகும். பயம் இன்னும் கூடும். பயத்தையும் மூச்சுக் கட்டளையையும் ஒருசேரத் தொடும் மூளை வேதிப்பொருள் செரட்டோனின். அதைக் கூட்டினால் இந்தச் சுழல் அறுந்துவிடும் என்று நினைத்தார்கள்.

அறுபடவில்லை. செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரையை ஆஸ்திரேலியாவில் 223 பேரிடம் பார்த்தார்கள். 2019இல் வந்த முடிவு, மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட மேல் இல்லை என்பது. அடுத்தது மிர்டாசபின். லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஐரீன் ஹிகின்சன் தலைமையில் 7 நாடுகளில் 225 பேர். 56 நாள் கழித்து 0 முதல் 10 வரை திணறலுக்கு மதிப்பெண் கேட்டதில், மருந்துக்கும் வெற்று மாத்திரைக்கும் வேறுபாடு 0.1தான், அதுவும் மருந்துக்குச் சாதகமாக இல்லை. பக்கவிளைவு வந்தவர்களோ மருந்துப் பிரிவில் 64 சதவீதம், மற்றதில் 40. இது 2024இல் வெளியானது.

என்னை உறுத்துவது வேறு. சிறிய ஆய்வுகளையும் ஒருசில நோயாளிகளின் அனுபவத்தையும் நம்பி, இந்த முடிவு வருமுன்பே பல நாடுகளில் மருத்துவர்கள் திணறலுக்கு மிர்டாசபினை எழுதத் தொடங்கியிருந்தார்கள். 'பாதுகாப்பானது' என்று மருந்துக் குறிப்பில் இருப்பதற்கு, மனச்சோர்வு நோயாளிகளிடம் பாதுகாப்பானது என்று மட்டுமே பொருள். நாலடி நடந்தாலே மூச்சு வாங்கும் முதியவருக்கு அது உத்தரவாதம் ஆகாது. அந்த 7 நாடுகளில் இந்தியா இல்லை. பீடியைத் தொடாமலே, விறகடுப்புப் புகையிலும் நெல் தூற்றும் தூசியிலும் நுரையீரல் கெட்ட நம் பெண்களிடம் யாரும் இதைச் சோதிக்கவில்லை என்றால், அவர்களுக்கு இதை எழுதித் தரவும் ஆதாரம் இல்லை.

ஏற்கெனவே சாப்பிடுகிறவர் நிறுத்தலாமா? தானாக நிறுத்தக் கூடாது. மனச்சோர்வுக்காகவே தந்திருக்கலாம், மருத்துவரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

அப்படியானால் திணறலுக்கு மார்ஃபின் உதவுமா? 2022இல் வந்த ஆஸ்திரேலியச் சோதனையில், சிஓபிடி நோயாளிகளின் கடும் திணறலை ஒரு வாரத்தில் அதுவும் குறைக்கவில்லை.

வேறென்ன செய்வது? உதட்டைக் குவித்து மெல்ல ஊதுவது, முகத்துக்கு நேராகச் சின்ன மின்விசிறி, முறையான நடைப்பயிற்சி.

பயிற்சியை யார் சொல்லித் தருவார்? 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை மருத்துவம் உண்டு. அரசு சொல்லும் கோடிக்கணக்கான பயனாளிகளில் எத்தனை பேருக்கு மூச்சுப் பயிற்சி கிடைத்தது என்பது அந்தக் கணக்கில் தெரிவதில்லை; முகாமில் கேளுங்கள்.