அடம் பிடிக்கும் குழந்தைக்கு ஊஞ்சல் சிகிச்சையா? தெரபிஸ்ட் முடிவு செய்வது எப்படி?

சென்னை,
மிக்சி ஓடினால் காதை பொத்திக்கொண்டு அலறும் குழந்தை. தலையில் எண்ணெய் வைக்கப் போனால் ஓடி ஒளியும் குழந்தை. "எல்லாம் அடம், ரெண்டு போட்டா சரியாயிடும்" என்று வீட்டு பெரியவர்கள் சொல்வதுண்டு. ஆனால் சில குழந்தைகளுக்கு அது அடம் அல்ல. சத்தம், தொடுதல், அசைவு இவற்றை மூளை கையாளுவதில் உள்ள சிக்கல். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளிடம் இது காணப்படுகிறது.

இதற்கு தரப்படுவதுதான் 'சென்சரி இன்டகிரேஷன் தெரபி'. அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஜீன் அயர்ஸ் (1920-1988) உருவாக்கியது. ஊஞ்சல், பெரிய பந்து, ஏறி இறங்கும் பலகை என்று பார்ப்பதற்கு விளையாட்டு போலவே இருக்கும்.

முதலில் காது, கண்

வந்த உடனே ஊஞ்சலில் ஏற்றிவிட மாட்டார்கள். காது கேட்கிறதா, பார்வை சரியா, வலிப்பு உண்டா என்று டாக்டர் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்து பெற்றோரிடம் கேள்விகள். என்ன சாப்பிடுகிறான், எப்படி தூங்குகிறான், எந்த இடத்தில் அழுகிறான்? பிறகு குழந்தையை விளையாட விட்டு கவனிப்பார்கள்.

அந்த சிக்கல் சாப்பாடு, குளியல், பள்ளிக்கூடம் போன்ற அன்றாட காரியத்தை கெடுக்கிறதா என்பதே முக்கிய கேள்வி. கெடுக்கவில்லை என்றால் இந்த சிகிச்சை தேவைப்படாது. சில நேரம் வீட்டில் சின்ன மாற்றமே போதும். குழந்தை வெளியே விளையாடும்போது மிக்சி போடலாம்.

பலன் உண்டா?

2014-ல் அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள 32 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் நல்ல பலன் தெரிந்தது. ஆனால் இங்கிலாந்து, வேல்சில் 138 குழந்தைகளிடம் நடத்தி 2022-ல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையை விட பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் சங்கமும், இதற்கான ஆதாரம் குறைவு என்பதை பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும் என்று 2012-லேயே அறிவுறுத்தியது.

அதனால்தான் நல்ல தெரபிஸ்ட் இலக்கும் கெடுவும் வைத்தே தொடங்குவார். "10 வாரத்தில் அழாமல் தலை சீவ விட வேண்டும்" என்பது போல. மாற்றம் இல்லையென்றால் வழியை மாற்றுவார், அல்லது நிறுத்திவிடுவார்.

அன்றாடம் உழைத்து பணம் கட்டும் பெற்றோர் கூச்சப்படாமல் கேட்க வேண்டியது இதுதான்: "எதுக்காக செய்றீங்க? எத்தனை வாரம்? மாற்றத்தை எப்படி தெரிஞ்சுக்கறது?" பதில் இல்லாத இடத்தில் மாதக்கணக்கில் பணம் கட்டவேண்டியதில்லை.

இலவசமாக எங்கே?

2013-ல் தொடங்கிய தேசிய திட்டத்தின் கீழ், மாவட்ட அளவில் அரசு ஆஸ்பத்திரிகளில் டி.இ.ஐ.சி. எனப்படும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் உள்ளன. வளர்ச்சி குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு பரிசோதனை இலவசம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனமும் உள்ளது.