பூனையின் நெஞ்சறைச் சத்திரசிகிச்சையும் அரியதோர் இடரும்

மட்டக்களப்பு வாவிக்கரை மீன்வாடிகளிலே பூனைகளை நாம் நாளும் காண்கின்றோம். அவற்றுளொன்று வீதியில் வாகனத்தால் மோதுண்டால், புறத்தே காயமின்றியும் அகத்தே நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகடு கிழிதல் உண்டு. ஈரலும் குடலும் நெஞ்சறையுட் புகுந்து நுரையீரலை நெருக்கும். பூனையோ ஒடுங்கிக் கிடக்கும். பன்னாள் கழிந்த பின்னரே நாம் நோயென உணர்கின்றோம்.

கிழிவைத் தைத்து, உறுப்புக்களை மீளவைத்தலே பரிகாரம். ஆயினும் அரிதாக ஓர் இடர் நேர்வதுண்டு. நெடுநாட் சுருங்கிக் கிடந்த நுரையீரலைக் காற்றூதி உடனே விரிப்பின், அதன் நுண்ணிய குருதிக்குழாய்கள் நீர்கசிந்து, நுரையீரலை நிறைத்துவிடும். சிகிச்சை இனிது முடிந்தும், பூனை சில மணி நேரத்தில் மூச்சுத்திணறி இறத்தல் கூடும். வெட்டிய ஆற்றுவாயை வெள்ளம் அரித்துச் செல்லும் வேகத்தை நாம் அறிவோமன்றோ? ஆதலின், ஊதும் அழுத்தம் 20 சென்ரிமீற்றர் நீருயரத்தை விஞ்சாது காத்து, நெஞ்சறையில் எஞ்சிய காற்றைக் குழாய்மூலம் பல மணி நேரமாக மெல்ல வெளியேற்றுவர்.

மோதுண்ட பூனை நடமாடினும், மூச்சு விரையுமாயின் அன்றே கால்நடை வைத்தியரிடம் காட்டுதல் நம் கடன். கொண்டுசெல்வதில் விரைவும், குணப்படுத்துவதில் நிதானமும் வேண்டும்.