காலி டின்னும் வீட்டுப் பத்திரங்களும்



வளைகுடாவிலிருந்து வந்தவர் கொண்டுவந்த நீலநிற பிஸ்கட் டின், குழந்தைக்கு வாங்கிய பால்பவுடர் டின், பேரீச்சம்பழம் வந்த பெட்டி, செருப்புக் கடை அட்டைப் பெட்டி. நம் வீட்டுப் பரண்களில் இவற்றுக்குக் குறைவில்லை. வீண்விரயத்தை மார்க்கம் கண்டிக்கிறது என்பதால் நம் தாய்மார்கள் இவற்றை எளிதில் எறிவதில்லை. ஆனால் எதற்கும் பயன்படாமல் பரணில் கிடப்பதும் ஒரு வகையில் விரயம்தானே! மழைக்காலம் தொடங்கும் முன் இவற்றில் இரண்டு மூன்றை இறக்கி வேலை கொடுக்கலாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நமது டிரஸ்ட்டுக்கு உதவி கேட்டு வருபவர்களில் பலர் தடுமாறுவது காகிதத்தில்தான். மகனின் மாற்றுச் சான்றிதழ் ஒரு பையில், கணவரின் இறப்புச் சான்றிதழ் அண்ணன் வீட்டில், நிக்காஹ் பதிவின் நகல் எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஆதரவற்ற விதவை உதவித்தொகைக்கு மனு எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறோம். தமிழகத்தில் 2007 முதல் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு இருக்கிறது. சேர்க்கை நாளில் சாதிச் சான்றிதழ் கைக்கு வரவில்லையென்றால் அந்த ஒதுக்கீடு இருந்தும் பிள்ளைக்குப் பயனில்லை.

2015 டிசம்பர் முதல் வாரத்தை நம் பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். அடையாறு கரை மீறியது. வேளச்சேரி, மடிப்பாக்கம் தெருக்களில் படகு ஓடியது. தண்ணீர் வடிந்த பிறகு ரேஷன் கார்டையும் மதிப்பெண் பட்டியலையும் மொட்டை மாடியில் கல் வைத்துக் காயவைத்த குடும்பங்கள் எத்தனை! நகல் ஆவணம் வழங்க அரசு தனி முகாம்கள் நடத்தியது, உண்மைதான். ஆனாலும் அலைச்சல் அலைச்சல்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் தண்ணீர் வந்தது.

ஆகவே முதல் பெட்டி பத்திரங்களுக்கு. வட்டமான பிஸ்கட் டின் இதற்கு உதவாது. சான்றிதழை மடித்து வைக்க வேண்டிவரும், மடித்த இடத்தில் சில வருடங்களில் தாள் விட்டுப்போகும். மளிகைக் கடைகளிலும் பலகாரக் கடைகளிலும் கிடைக்கும் 15 கிலோ எண்ணெய் டின்தான் பொருத்தம். அடிப்பக்கம் ஏறக்குறைய 23 சென்டிமீட்டர் சதுரம், உயரம் 34, 35 சென்டிமீட்டர். ஏ4 தாள் உள்ளே மடிப்பில்லாமல் நிமிர்ந்து நிற்கும். தகர வேலை செய்பவரிடம் கொடுத்தால் மேல்தகட்டை வெட்டி, ஓரத்தை மடக்கி, கீல் வைத்து மூடி போட்டுத் தருவார். சலவை சோடா கலந்த வெந்நீரில் இரண்டு முறை கழுவி, நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம் இருந்தாலும் தாள் இழுத்துக்கொள்ளும்.

தகரப் பெட்டி என்பதால் தண்ணீர் புகாது என்று நம்பிவிடக் கூடாது. மூடியின் இடுக்கு வழியாகப் புகும். ஒவ்வொருவர் ஆவணத்தையும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டிய பிறகே பெட்டியில் வையுங்கள். புதுச் செருப்போடு வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தை எறியாமல் அதற்குள் போடலாம். பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கக் கூடாது, ஆள் உயரத்துக்கு மேல் இருக்கட்டும். மூலச் சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். வெளிநாட்டு வேலைக்குச் சான்றொப்பம் வாங்கும்போது பின்பக்கத்தில் முத்திரை குத்த வேண்டும். அப்போது பிளாஸ்டிக்கை உரிக்கப் போய்த் தாளே கிழிந்துவிடும்.

இதே பெட்டியில் இன்னொரு தாளும் இருக்க வேண்டும். யாருக்கு நாம் தர வேண்டும், யார் நமக்குத் தர வேண்டும், மஹரில் பாக்கி உண்டா, யாருடைய அமானிதம் நம்மிடம் இருக்கிறது என்ற கணக்கு. குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் பகரா அத்தியாயத்தின் 282ஆவது. அது கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. மய்யித்தை அடக்கம் செய்து வந்த வீட்டில், சொத்தைப் பங்கிடும் முன் கடனை அடைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு கடன் என்பதுதான் தெரிவதில்லை. அமானிதப் பணத்தை வீட்டுச் செலவோடு கலக்காமல் இருக்கச் சின்ன டின் ஒன்று தனியாக இருப்பது நல்லது. பெயரும் தேதியும் எழுதிய சீட்டு அதற்குள் இருக்கட்டும்.

அலங்காரத்துக்கு வருவோம். இதைப் பெண்பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். என் கருத்து வேறு. நிறம்தான் எழுத்து வாசிக்காதவருக்குப் பெயர்ப்பலகை. கண் மங்கிய பெரியம்மாவிடம் "பச்சைத் துணி ஒட்டிய டின்னில் காலை மாத்திரை, சிவப்பில் இரவு மாத்திரை" என்று சொன்னால் போதும், ஒரே மாதிரியான இரண்டு டின்னுக்கு முன்னால் அவர் தவிக்க மாட்டார். தையல் கடையில் மிஞ்சிய துண்டுத் துணியும் மைதாப் பசையும் போதும். பசையில் பூச்சி வராமலிருக்கச் சிலர் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், குழந்தைகள் தொடும் பெட்டிக்கு வேண்டாம். பெயின்ட் அடிப்பதானால் முதலில் உப்புத்தாளால் தேய்த்து பிரைமர் பூசுங்கள். பளபளத் தகட்டில் நேராக அடித்த பெயின்ட் செதில் செதிலாக உதிரும்.

ஒரு முக்கியமான விஷயம். பழைய கல்யாணப் பத்திரிகைகள் ஒட்டுவதற்கு அழகாக இருக்கும். அவற்றில் பிஸ்மில்லாஹ்வும் குர்ஆன் வசனமும் அச்சிட்டிருப்பார்கள். தரையில் வைக்கும், கால் படும் பெட்டியில் அவை வரக் கூடாது. அந்தப் பகுதியை வெட்டியெடுத்துக் கண்ணியமாகத் தனியே வைத்துவிட்டு மீதியை ஒட்டுங்கள்.

சமையலறையில் பால்பவுடர் டின் பருப்புக்கும் ரவைக்கும் நல்லது. புளியும் உப்பும் அதில் வேண்டாம், தகட்டை அரித்துவிடும். பெயின்ட், பூச்சிமருந்து இருந்த டின்னில் எத்தனை முறை கழுவினாலும் உணவுப் பொருள் வைக்கவே கூடாது. உணவு டின்னுக்குள் செய்தித்தாள் விரிப்பதும் தவறு, அச்சு மை உணவில் சேரும்.

செடி வைக்கும் டின்னின் அடியில் ஆணியால் நான்கைந்து துளை போடுங்கள். மாடியில் தண்ணீர் தேங்கிய டின்னில் டெங்கு கொசு ஒன்றிரண்டு வாரத்தில் முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும். பயன்படுத்தாத டின்னைக் கவிழ்த்து வையுங்கள், அல்லது பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுங்கள்.

சதக்கா உண்டியலுக்கு உயரமான டின் எடுத்து, மூடியில் காசு நுழையும் அளவு வெட்டி, வெட்டிய விளிம்பில் டேப் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகள் விரலைக் கிழித்துக்கொள்வார்கள். அலங்கரிக்கும் வேலையை அவர்களிடமே விட்டால் காசு போடவும் அவர்களே நினைவுபடுத்துவார்கள்.

ஆவணங்களுக்கு நகல் எடுக்க வசதியில்லாதவர்கள் இன்ஷா அல்லாஹ் அலுவலக நேரத்தில் டிரஸ்ட்டுக்குக் கொண்டு வாருங்கள், எடுத்துத் தருகிறோம். மூலத்தை மட்டும் எங்களிடம் விட்டுச் செல்லாமல் கையோடு எடுத்துப் போங்கள்.