பத்தாயத்துக்குள் ஒரு நூல் கடை!

அம்மணி, ஒரு கேள்வி. பதிலை உரக்கச் சொல்ல வேண்டாம். பக்கத்திலேயே வீட்டுக்காரர் பத்திரிகை படித்துக் கொண்டிருக்கலாம். உங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத இடத்தில், உங்கள் வீட்டில் எத்தனை உருண்டை நூல் இருக்கிறது?

"ஏதோ ஒன்றிரண்டு" என்பீர்களானால், பின்னல் வேலை கற்றுக் கொண்டு ஒரு மாதம்தான் ஆகியிருக்கும். "ஞாபகமில்லையே!" என்றால் ஒரு வருஷம் ஆகியிருக்கும். கேள்வி காதில் விழுந்ததுமே, "காப்பி சாப்பிடுகிறீர்களா?" என்று பேச்சை மாற்றினீர்களானால், சந்தேகமே இல்லை, இந்தக் கலையில் நீங்கள் தேர்ந்த கை!

நாகர்கோவில் பக்கத்துப் பழைய வீடுகளில் பத்தாயம் என்று ஒன்று உண்டு. வயலிலிருந்து வரும் நெல்லைக் கொட்டி வைக்கும் பெரிய மரப் பெட்டி. நெல் போய், அரிசி பையில் வரத் தொடங்கிய பிறகு பல வீடுகளில் பத்தாயம் சும்மா கிடக்கிறது. சும்மா கிடக்கிறது என்று வீட்டு ஆண்கள் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள்! மூடியைத் தூக்கிப் பார்த்தால் நீலமும் ரோஜா நிறமும் வெந்தயக் கலருமாக ஒரு நூல் கடையே உள்ளே இருக்கும். பத்தாயம் இல்லாத புது வீடுகளில் அரிசி டிரம்மின் அடி, பரண் மேல் கிடக்கும் குக்கர் பெட்டி, குழந்தைக்குச் சிறியதாகிப் போன பள்ளிக்கூடப் பை, இவை அந்த வேலையைச் செய்கின்றன.

எப்போதாவது ஓர் உருண்டை வெளியே எட்டிப் பார்த்து அகப்பட்டுக் கொள்ளும். "இதெப்பம் வாங்கினது?" என்று கேள்வி வரும். அதற்கு நாஞ்சில் நாட்டில் தயாராக ஒரு பதில் உண்டு: "இதா? பழசாக்கும்!" அது பொய் என்றும் சொல்லிவிட முடியாது. போன வெள்ளிக்கிழமை வாங்கியது இந்த வெள்ளிக்கிழமைக்குப் பழசுதானே?

மலிவு என்னும் மாயம்

உண்மையில் இந்த ஆசையைத் தூண்டுவது நூலின் விலையல்ல, அதன் மலிவுதான். பட்டுப் புடவை வாங்க வேண்டுமென்றால் குடும்பமே கூடி யோசிக்கும். நூல் உருண்டைக்கு யாரும் யோசிப்பதில்லை. காய்கறி வாங்கிய மிச்சச் சில்லறை போதும். ஒன்றின் விலை கணக்கில் விழாது. நாற்பது சேர்ந்த பிறகு கணக்குப் போடத் தைரியம் வராது!

அதோடு, பின்னுகிறவர்களுக்கு நியாயமான ஒரு பயமும் உண்டு. நூலுக்குச் சாயம் போடுவது தொட்டி தொட்டியாகத்தான். அதே எண், அதே கம்பெனி, அதே பச்சை என்றாலும், ஒரு தொட்டியில் தோய்ந்த பச்சையும் மறு தொட்டியில் தோய்ந்த பச்சையும் மயிரிழை வித்தியாசப்படும். உருண்டையில் தெரியாது, மேஜை விரிப்பின் நடுவில் வட்டமாகத் தெரியும். எனவே "இருக்கட்டும், இன்னும் இரண்டு" என்று வாங்கி விடுகிறோம். அந்த இரண்டுதான் பத்தாயத்துக்குப் போகிறது.

இது நம் ஊர் வியாதி மட்டும் என்று நினைத்து வெட்கப்பட வேண்டாம். குளிர் தேசங்களில் கம்பளி நூல் பின்னும் பெண்கள் இதையே பெரிய வேடிக்கையாகச் சொல்லிக் கொள்கிறார்கள். இனி ஆயுள் முழுவதும் உட்கார்ந்து பின்னினாலும் தீராத அளவு சேர்ந்து விட்டால், அதற்கென்றே ஒரு பட்டப் பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்குக் கம்பளி தேவையில்லை. கன்னியாகுமரிக் கடற்காற்றில் ஸ்வெட்டர் போட்டுக் கொண்டு யார் நடப்பார்கள்? நம் கை நாடுவது பருத்தி நூல். பளபளப்பான பருத்தி நூலுக்கும் ஒரு கதை உண்டு. ஜான் மெர்ஸர் என்ற ஆங்கிலேயர் பருத்தியைக் காரத்தில் நனைத்தால் அது வலுப்படுவதை 1844-ல் கண்டார். நூலை இழுத்துப் பிடித்தபடியே நனைத்தால் பட்டுப் போல மினுமினுக்கும் என்பது 1890 வாக்கில்தான் தெரிய வந்தது. கடைக்கண்ணாடிக்குள்ளிருந்து நம்மைப் பார்த்துச் சிரிக்கிறதே, அந்தச் சிரிப்பு இப்படி வந்ததுதான்!

நூல் விடுவித்த கைகள்

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். நாஞ்சில் நாட்டில் நூல் உருண்டையை வெறும் பொழுதுபோக்குச் சாமான் என்று யாராவது சொன்னால், அவருக்கு இந்த ஊரின் சரித்திரம் தெரியாது என்றுதான் அர்த்தம்.

1819-ல் லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் தம் மனைவி மார்த்தாவுடன் நாகர்கோவிலுக்கு வந்தார். பெண் குழந்தைகளுக்காக நடத்திய விடுதிப் பள்ளியில் 1821 வாக்கில் மார்த்தா அம்மையார் ரேந்தை பின்னக் கற்றுக் கொடுத்தார். லேஸ் என்று இப்போது சொல்கிறோமே, அதற்குப் போர்த்துகீசிய மொழி வழியாகத் தமிழில் வந்து தங்கிய பெயர்தான் ரேந்தை. உருண்ட திண்டு ஒன்றின் மேல் வரைபடத்தைப் பொருத்தி, ஊசிகளைக் குத்தி, சிறு மரக் குச்சிகளில் சுற்றிய நூலை முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வேலை அது. குச்சிகள் ஒன்றோடொன்று மோதும்போது கிடுகிடுவென்று ஓசை எழும். கண்ணும் விரலும் ஒரு கணம் அயர்ந்தால் பூ கோணிப் போகும்.

அந்தக் காலத்துத் திருவிதாங்கூரில் அடிமை வழக்கம் இருந்தது. 1855-ல்தான் அது சட்டப்படி ஒழிந்தது. அதற்கு முன்பே, ரேந்தை விற்ற பணத்தைச் சேர்த்து வைத்து, சில பெண்கள் தங்கள் விடுதலையைத் தாங்களே விலை கொடுத்து வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. யோசித்துப் பாருங்கள், சகோதரிகளே! மேலாடை அணியும் உரிமைக்காகவே 1859 வரை பெண்கள் போராட வேண்டியிருந்த பூமி இது. அங்கே ஒரு பெண் தன் விரல் நுனியில் சம்பாதித்த காசைக் கொண்டு தன்னையே மீட்டுக் கொண்டாள்.

மால்ட் தம்பதிகளின் மகள் எலைஸா நாகர்கோவிலிலேயே பிறந்தவர். 1844-ல் அவரை மணந்தவர் வேறு யாருமல்ல, திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்தான். கணவர் இலக்கணம் எழுதிய இடையன்குடியில், மனைவி பெண்களுக்குப் பள்ளி நடத்தி ரேந்தை கற்பித்தார். பிறகு 1897-ல் பெல்ஜியத்திலிருந்து முளகுமூட்டுக்கு வந்த அன்னை மரி லூயிஸ் தெ மேஸ்தரின் சபையும் ஆதரவற்ற பெண்களுக்கு இதே போன்ற கைவேலைகளைக் கற்றுக் கொடுத்தது. கடலுக்கு அப்பால் அயர்லாந்திலும் இதே கதைதான். 1845-ல் உருளைக் கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தபோது, கன்னிமாடங்களில் கற்ற க்ரோஷா ஊசி எத்தனையோ குடும்பங்களுக்குக் கஞ்சி வார்த்தது.

ஒளிப்பது ஏன்?

இவ்வளவு பெருமை உடைய நூலை நாம் ஏன் அரிசி டிரம்முக்கு அடியில் ஒளித்து வைக்கிறோம்?

கணவருக்குப் பயந்தா? பெரும்பாலும் இல்லை. பல வீடுகளில் அவருக்கு எல்லாம் தெரியும்; தெரியாதது போல் இருக்கிறார், அவ்வளவுதான். ஒளிப்பதற்கு வேறு காரணம் உண்டு. 'இது அவசியமா?' என்று யாராவது கேட்டு விடுவார்களோ என்ற கூச்சம். அவர் வாங்கும் புத்தகத்தையோ, மோட்டார் சைக்கிளுக்கு வாங்கும் பளபளச் சாமானையோ பார்த்து நாம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. நம் பொருளுக்கு மட்டும் நாமே கேட்டுக் கொள்கிறோம்.

நாஞ்சில் நாட்டுப் பெண்களுக்கு ரகசியச் சேமிப்பு ஒரு காலத்தில் விளையாட்டாக இருக்கவில்லை. இங்கே வேளாளர்களில் ஒரு பகுதியாரிடம் மருமக்கள்வழி இருந்தது. கணவன் சொத்து மனைவி மக்களுக்கு வராமல் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' எழுதியது இந்தக் கொடுமையைப் பற்றித்தான். 1926-ல் சட்டம் வந்து அந்த முறை முடிவுக்கு வந்தது. நாளைக்கு என்ன ஆகுமோ என்ற நிலையில் இருந்த பெண்மணி, கடுகு டப்பாவில் நாலு காசு போட்டு வைத்தால் அதைக் குற்றம் என்று யார் சொல்ல முடியும்?

அந்தப் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதை 2016 நவம்பர் 8-ம் தேதி இரவு நாடே பார்த்தது. 500 ரூபாய், 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்ததும், அஞ்சறைப் பெட்டிகளும் புடவை மடிப்புகளும் வாய் திறந்தன. ஒரு பைசா வீண் செய்யாமல் சேர்த்த பணத்தை, ஏதோ திருடி அகப்பட்டது போல் தலை குனிந்து எடுத்துக் கொடுத்த பெண்கள் எத்தனை பேர்!

சட்டமோ அப்படித் தலை குனியச் சொல்லவில்லை. 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-வது பிரிவு, ஒரு பெண்ணின் உடைமை எது எது என்று சொல்லும்போது, நன்கொடையாகப் பெற்றதையும், விலைக்கு வாங்கியதையும், அவள் தன் திறமையாலும் உழைப்பாலும் தேடியதையும் சேர்த்தே சொல்லுகிறது. அதற்கு அவளே முழு உரிமைக்காரி. கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்ததும் அதே 1956-ல்தான்!

ஒளிப்பதில் இன்னொரு நஷ்டம் உண்டு. அது பெரிய நஷ்டம். ஆந்திராவில் நர்சாபூர் பக்கத்தில் ஏராளமான பெண்கள் க்ரோஷா லேஸ் பின்னி வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். மரியா மீஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் அவர்களைப் பற்றி எழுதிய புத்தகம் 1982-ல் வந்தது. நூலைத் தரகர் கொடுப்பார். பின்னியதை அவரே வாங்கிக் கொள்வார். வீட்டு வேலை முடித்து, மணிக்கணக்காகக் குனிந்து பின்னிய அந்தப் பெண்களை, 'ஓய்வு நேரத்தில் ஏதோ செய்கிறார்கள்' என்றே ஊர் சொல்லியது. வேலை என்று சொல்லாததற்கு வேலைக்கேற்ற கூலி எப்படிக் கிடைக்கும்? நாமே நம் நூலை ஒளித்து, பின்னியதைக் கேட்டவர்களுக்கெல்லாம் "சும்மா பொழுது போகாமல் செய்தது" என்று கொடுத்தால், அந்த ஊர்ப் பேச்சுக்கு நாமும் தாளம் போடுகிறோம்.

நாலு யோசனை

ஆகவே, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பத்தாயத்தைத் திறந்து விடுங்கள்.

முதலில், எல்லா நூலையும் கூடத்தில் பரப்புங்கள். நமக்குத் தென்மேற்குப் பருவ மழையும் உண்டு, வடகிழக்குப் பருவ மழையும் உண்டு. காற்றில்லாத பெட்டியில் பருத்தி நூல் ஈரம் குடித்துப் பூசணம் பிடிக்கும். நிழலில் காற்றாட வையுங்கள். கடும் வெயிலில் போட்டால் நிறம் வெளுக்கும். ரப்பர் பாண்டு போட்டிருந்தால் கழற்றி விடுங்கள். அது உருகி ஒட்டிக் கறையாகி விடும்.

இரண்டாவது, வகை பிரியுங்கள். க்ரோஷா நூலில் எண் ஏற ஏற இழை மெலிதாகும் என்பது உங்களுக்குத் தெரியும். 10-ஐயும் 40-ஐயும் ஒரே பையில் போடாதீர்கள். மேல் சுற்றியிருக்கும் காகிதத்தைத் தூக்கி எறியவும் கூடாது. நிற எண்ணும் சாயத் தொட்டி எண்ணும் அதில்தான் இருக்கின்றன. கொஞ்சம் மிச்சம் இருக்கும்போது காகிதத்தை உருண்டைக்குள்ளேயே சுருட்டி வையுங்கள்.

மூன்றாவது, ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். என்ன நூல், என்ன விலை, எதற்காக வாங்கியது? 'எதற்காக' என்ற இடம் காலியாக இருந்தால், அந்த நூல் ஆசைக்கு வாங்கியது. ஆசைக்கு வாங்குவது பாபமில்லை. ஆனால் ஆசை எது, தேவை எது என்று நமக்காவது தெரிய வேண்டாமா?

நாலாவது, பின்னி முடித்ததும் எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று அதே நோட்டில் எழுதுங்கள். விற்க வேண்டுமென்று இல்லை. பேத்திக்கே பின்னினாலும் எழுதுங்கள். ஒரு மேஜை விரிப்புக்கு எழுபது மணி நேரம் என்று எழுத்தில் பார்த்தால், அடுத்த வீட்டு மாமி "எனக்கும் இதுபோல ஒன்று, நூல் காசு தந்து விடுகிறேன்" என்று கேட்கும்போது என்ன பதில் சொல்லலாம் என்று உங்களுக்கே புரியும்!

நோட்டை மட்டும் ஒளித்து வைக்காதீர்கள். மளிகைக் கணக்கு, பால் கணக்கு நோட்டுகளோடு சேர்த்து, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள். வீட்டுக்காரர் புரட்டிப் பார்த்து, "இவ்வளவு நூலா?" என்று கேட்கலாம். கேட்கட்டும். அடுத்த பக்கத்தில் இருக்கும் மணிக் கணக்கையும் படித்து விட்டு, "இவ்வளவு வேலையா?" என்றும் கேட்பார்.